நாயைக் குளிப்பாட்டுதல் (கொல்லிமலை)

நாயைக் குளிப்பாட்டுதல் என்பது வளர்ப்பு நாயின் தோலிலும் மயிரிலும் படிந்த மண், எண்ணெய்ப் பசை, உதிர்மயிர், ஒட்டுண்ணி ஆகியவற்றை நீராலும் நுரைப்பொருளாலும் போக்கி, ஈரம் போக உலர்த்திவிடும் வீட்டு வேலை. இதில் கழுவுவது பாதி, உலர்த்துவது மறுபாதி. சமவெளியில் இரண்டாம் பாதியை வெயில் பார்த்துக்கொள்வதால் அதை யாரும் ஒரு வேலையாக நினைப்பதில்லை. நாமக்கல் மாவட்டத்தின் கொல்லிமலையில் கதை வேறு. காரவள்ளியிலிருந்து எழுபது கொண்டை ஊசி வளைவுகள் ஏறிச் செம்மேட்டுக்கு வந்தால் கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ ஆயிரம் மீட்டருக்கு மேல் நிற்கிறோம். ஆயிரம் மீட்டருக்குச் சுமார் ஆறரை டிகிரி செல்சியஸ் வெப்பம் குறையும் என்பது வானிலையியலின் பொதுக் கணக்கு. அதோடு மூடுபனி, தென்மேற்கு, வடகிழக்கு என இரண்டு பருவ மழை. சமவெளிக்கு எழுதப்பட்ட குளிப்பாட்டும் குறிப்புகளை இங்கே அப்படியே கடைப்பிடித்தால் நாய் வெடவெடத்துப்போகும்.

மலை ஊர்களில் நாய் பெரும்பாலும் காவலுக்குத்தான். மரவள்ளியும் வாழையும் உள்ள தோட்டத்துக்குள் காட்டுப்பன்றி இறங்கினால் குரைத்து விரட்டுவதும், இரவில் ஆள் நடமாட்டம் சொல்வதும் அதன் வேலை. அது நாட்டு நாய், குட்டை மயிர், உறங்குவது திண்ணையிலோ அடுப்படிச் சாம்பலிலோ. மாட்டுப் பொங்கலன்று மாட்டைக் குளிப்பாட்டிக் கொம்புக்கு வண்ணம் பூசுவது போல நாய்க்கென்று ஒரு நாள் தமிழ் வழக்கத்தில் இல்லை. நேபாளத்தில் தீகார் பண்டிகையின் இரண்டாம் நாள் நாய்க்கு உரியது. மாலையும் பொட்டும் விருந்தும் உண்டு. நம்மூரில் நாயைக் குளிப்பாட்டும் நாள் என்றால் அது பெரும்பாலும் நாற்றம் தாங்க முடியாமல் போன நாள்தான்.

அந்த நாற்றம் எங்கிருந்து வருகிறது என்று தெரிந்துகொள்வது நல்லது. நாயின் மயிரிலும் தோலிலும் வாழும் பாக்டீரியாவும் ஈஸ்ட்டும் உண்டாக்கும் வாசனைப் பொருள்கள், ஈரம் படும்போது ஆவியோடு கிளம்புகின்றன. நனைந்த நாய் உலர்ந்த நாயைவிட அதிகம் நாறுவது இதனால்தான். சரியாகக் குளிப்பாட்டி அரைகுறையாக உலரவிட்டால் அடுத்த நாளே நாற்றம் திரும்பிவிடும். ஷாம்பு சரியில்லை என்று வீட்டார் வேறு ஷாம்பு தேடுவார்கள். குறை பெரும்பாலும் துண்டில் இருக்கும்.

தோல்

மனிதத் தோலின் மேலடுக்கில் பத்து முதல் பதினைந்து வரிசை உயிரணுக்கள் உண்டு. நாய்க்கு மூன்று முதல் ஐந்து வரிசைதான். மயிர்ப் போர்வை இருப்பதால் அதற்கு அடியில் கெட்டித் தோல் தேவைப்படவில்லை. மனிதத் தோல் லேசான அமிலத்தன்மை கொண்டது, அமில காரக் குறியீடு ஐந்தரையை ஒட்டி நிற்கும். நாய்த் தோல் நடுநிலையான ஏழை ஒட்டி, சிலவற்றில் அதற்கும் மேலே நிற்கும். ஆகவே நமக்குச் செய்த ஷாம்பு நாய்க்கு ஏற்றதில்லை என்பார்கள். அது சரிதான், ஆனால் உண்மையான வில்லன் குளியல் சோப்புக் கட்டியும் துணி சோப்பும். அவை ஒன்பது, பத்து என்று காரமாக இருக்கும். தோலைக் காக்கும் கொழுப்புப் படலத்தை உரித்து எடுத்துவிடும். அடுத்த வாரம் பொடுகு, அதற்கடுத்த வாரம் அரிப்பு, பிறகு சொறிந்து சொறிந்து புண். துணி சோப்பு போட்டுக் குளிப்பாட்டிய நாய் பளிச்சென்று இருப்பது முதல் இரண்டு நாள்தான்.

நாய்க்கு நம்மைப் போல் உடலெங்கும் வியர்த்து ஊற்றுவதில்லை. வெப்பம் தணிக்கும் வியர்வைச் சுரப்பிகள் அதன் பாதங்களில்தான் வேலை செய்கின்றன. மற்றபடி நாக்கைத் தொங்கவிட்டு இரைப்பதுதான் வழி. அதனால் தினமும், வாரம் தவறாமல் என்று குளிக்க வேண்டிய தேவை அதற்கு இல்லை. தோல் நோயில்லாத குட்டை மயிர் நாய்க்கு மாதம் ஒருமுறையோ இரண்டு மாதத்துக்கு ஒருமுறையோ போதும். இடையில் சேற்றில் புரண்டால் ஈரத் துணியால் துடைப்பதும் காய்ந்தபின் தூரிகையால் தட்டிவிடுவதும் போதுமானவை. கி.பி. இரண்டாம் நூற்றாண்டில் வேட்டை நாய்களைப் பற்றி எழுதிய கிரேக்கரான ஆரியன், குதிரையைத் தேய்த்துவிடுவதைப் போல நாயின் உடம்பைத் தேய்த்துவிடுவது அதற்குப் பெரும் நன்மை என்கிறார். குளிர் மிகுந்த மார்கழி, தை மாதங்களில் கொல்லிமலை நாய்க்கு இந்த உலர்த் தேய்ப்பே குளியலுக்கு ஈடாகும். தோல் நோய்க்காக வாரம் இருமுறை மருந்து ஷாம்பு போடச் சொன்னால் அது வேறு கணக்கு. அங்கே மருத்துவர் சொல்லே முடிவு.

அரப்பு, சீயக்காய், மற்றவை

சேலம், நாமக்கல் வட்டாரத்து எண்ணெய்க் குளியலில் சீயக்காயோடு போட்டியிடுவது அரப்பு. உசில மரத்தின் இலையை உலர்த்தி இடித்த பச்சைப் பொடி இது. சீயக்காயும் பூந்திக்கொட்டையும் அரப்பும் நுரைப்பது அவற்றிலுள்ள சப்போனின் என்ற பொருளால். சோப்புக் கட்டியைவிட இவை மென்மையானவை. வீட்டில் இருப்பதைக் கொண்டு நாயைக் குளிப்பாட்ட வேண்டுமென்றால் வடிகட்டிய அரப்புக் கரைசல் மோசமான தேர்வல்ல. பொடியாக அப்படியே தேய்த்தால்தான் தொல்லை. துகள்கள் அடிமயிரில் சிக்கி எளிதில் வெளிவராது. கண்ணில் பட்டால் சீயக்காய் நாய்க்கும் நம்மைப் போலவே எரியும், ஆனால் அது கத்திச் சொல்லாமல் காலால் கண்ணைத் தேய்த்துப் புண்ணாக்கிக்கொள்ளும்.

வேப்பிலை வேகவைத்த நீரைக் கடைசி அலசலுக்கு ஊற்றும் வழக்கம் பரவலானது. அதனால் கேடில்லை, ஆனால் அது உண்ணியை ஒழிக்கும் என்று நம்பி மருந்தைத் தள்ளிப்போடுவதில்தான் கேடு. மஞ்சள் அரைத்துப் பூசினால் வெள்ளை ராஜபாளையம் நாய் சில நாளைக்கு மஞ்சள் நாயாகத் திரியும், அவ்வளவே. எண்ணெய் தேய்த்தால் நாய் நக்கிவிடும். விளக்கெண்ணெய் என்றால் அன்று வயிற்றுப்போக்கு நிச்சயம்.

கண்டிப்பாகத் தவிர்க்க வேண்டியவை மூன்று. ஒன்று, தரை துடைக்கும் பினாயிலும் அதன் உறவான கிருமிநாசினிகளும். பீனால் வகைப் பொருள்கள் தோல் வழியே உள்ளே போகும், நக்கினால் இன்னும் வேகமாக. இரண்டு, மண்ணெண்ணெய். மூன்று, சொறி நாய்க்குப் பூசப்படும் கழிவு என்ஜின் ஆயில். இந்த மூன்றாவது வைத்தியம் தமிழ்நாட்டுக் கிராமங்களில் இன்னும் உயிரோடு இருக்கிறது. பூசியபின் சொறி அடங்கியதுபோல் தோன்றுவதால் அதற்குப் பெயரும் இருக்கிறது. எண்ணெயில் மூழ்கி மூச்சுமுட்டும் பூச்சிகளில் சில சாகும் என்பது உண்மைதான். அந்த எண்ணெயில் உலோகத் துகள்களும் எரிந்த எச்சங்களும் இருக்கின்றன, நாய் அதைத்தான் நாள் முழுக்க நக்குகிறது.

செய்முறை

சமவெளியில் நாயைக் குளிப்பாட்ட ஏற்ற நேரம் காலை அல்லது மாலை, உச்சி வெயிலைத் தவிர்க்க வேண்டும் என்பார்கள். மலையில் இது தலைகீழ். பனி விலகி வெயில் ஏறிய பிறகு, முற்பகல் பதினொன்றுக்கு மேல் தொடங்கி, மதியத்துக்குள் முடித்துவிட வேண்டும். பிற்பகல் மேகம் இறங்கும் நாளில் தள்ளிப்போடுவதே சரி.

நனைக்கும் முன் தூரிகை அல்லது பழைய சீப்பு. இந்தப் படியை விட்டுவிடுகிறவர்கள்தான் அதிகம். சடை விழுந்த மயிர் நனைந்தால் இன்னும் இறுகும், பிறகு கத்தரிக்கோல்தான். மலைக் காட்டோரம் திரியும் நாயின் மயிரில் நாயுருவி விதையும் ஒட்டுப்புல்லின் முள்ளும் கொத்தாக இருக்கும். கால்விரல் இடுக்கிலும் காதுக்குள்ளும் போன புல்முள் தோலைத் துளைத்து உள்ளே நகரக்கூடியது. அதை உலர்ந்த நிலையிலேயே தேடி எடுக்க வேண்டும்.

தண்ணீர் வெதுவெதுப்பாக இருக்கட்டும். நாயின் இயல்பான உடல் வெப்பம் சுமார் 38.3 முதல் 39.2 டிகிரி செல்சியஸ், நம்மைவிடக் கூடுதல். முழங்கையை வாளியில் விட்டால் சூடும் தெரியக்கூடாது, குளிர்ச்சியும் தெரியக்கூடாது. சிமெண்ட் தரை வழுக்கினால் நாய் பதறும். கீழே ஒரு கோணிச்சாக்கைப் போட்டால் அந்தப் பதற்றத்தில் பாதி போய்விடும். ஒருவர் கழுத்துப் பட்டையைப் பிடித்துப் பேச்சுக் கொடுக்க, மற்றொருவர் சொம்பால் ஊற்றுவது நல்லது. தலையிலிருந்து தொடங்கக்கூடாது. தோள், முதுகு, வயிறு, கால் என்று போய், முகத்தைக் கடைசியில் ஈரத் துணியால் துடைத்துவிட வேண்டும். தெள்ளுப்பூச்சி இருக்கும் நாய்க்கு முதலில் கழுத்தைச் சுற்றி ஒரு வளையமாக நுரை போடுவார்கள். உடம்பு நனைந்ததும் பூச்சிகள் தலைக்கும் காதுக்கும் ஓடி ஒளிவதை அது தடுக்கும்.

ஷாம்புவை நேராக முதுகில் ஊற்றாமல் ஒரு குவளை நீரில் கரைத்து ஊற்றினால் சீராகப் பரவும், அலசுவதும் எளிது. குளோர்ஹெக்சிடின், கீட்டோகோனசோல் போன்றவை கலந்த மருந்து ஷாம்பு என்றால் நுரையோடு பத்து நிமிடம் நிறுத்திவைக்க வேண்டும். அந்தப் பத்து நிமிடம் நாய்க்கு ஒரு யுகம். நாமக்கல் முட்டைக்குப் பேர்போன மாவட்டம், வேகவைத்த முட்டை ஒன்றைத் துண்டு துண்டாகக் கொடுத்து நேரம் ஓட்டலாம். அலசும்போது அக்குள், தொடையிடுக்கு, விரலிடை, வாலடி ஆகிய இடங்களில் நுரை தங்கும். தங்கிய நுரைதான் பிறகு அரிக்கும். தண்ணீர் தெளிவாக வடியும்வரை ஊற்ற வேண்டும்.

நாயின் காதுக் குழாய் நேராகப் போகாமல் கீழிறங்கி வளைந்து உள்ளே திரும்புகிறது. உள்ளே புகுந்த நீர் எளிதில் வெளியே வராது. லேப்ரடார் போல மடல் தொங்கும் நாயில் காற்றும் படாது. பஞ்சை லேசாக வைத்துக் குளிப்பாட்டி, முடிந்ததும் எடுத்து, மடலின் உட்புறத்தை உலர்துணியால் ஒற்றிவிட வேண்டும். குச்சிப் பஞ்சை உள்ளே நுழைக்கக்கூடாது. அடுத்த சில நாளில் தலையை அடிக்கடி உதறி, காதிலிருந்து கரிய பிசுக்கும் புளித்த வாடையும் வந்தால் உள்ளே ஈஸ்ட் பெருகியிருக்கிறது என்று பொருள்.

எட்டு வாரம் நிறையாத குட்டிகளைக் குளிப்பாட்டாமல் வெந்நீரில் நனைத்துப் பிழிந்த துணியால் துடைத்தால் போதும். காய்ச்சல் உள்ள நாய், ஈன்ற நாய், நடுங்கும் கிழநாய் இவற்றுக்கும் அதுவே.

உலர்த்தல்

அமெரிக்காவின் ஜார்ஜியா தொழில்நுட்பக் கழகத்தில் ஆண்ட்ரூ டிக்கர்சனும் டேவிட் ஹூவும் அவர்கள் குழுவினரும் 16 இனங்களைச் சேர்ந்த 33 பாலூட்டிகளை நனைத்து, அவை உடம்பை உதறுவதை அதிவேகக் கேமராவில் படம் பிடித்தார்கள். 2012-இல் வெளியான அந்த ஆய்வின்படி லேப்ரடார் நொடிக்கு நான்கைந்து முறை உதறுகிறது, சுண்டெலி சுமார் முப்பது முறை. உருவம் சிறுக்கச் சிறுக்க வேகம் கூடுகிறது. முதுகெலும்பு கொஞ்சமே திரும்பினாலும் தளர்ந்த தோல் அதைவிடப் பெரும் வீச்சில் ஆடி நீரைச் சுழற்றி எறிகிறது. சில நொடி உதறலில் மயிரிலுள்ள நீரில் சுமார் எழுபது விழுக்காடு போய்விடும். ஆகவே குளிப்பாட்டி முடித்ததும் துண்டோடு பாயாமல் இரண்டு அடி தள்ளி நின்று நாயை உதறவிடுவதே அறிவு. அந்த உதறலை வெல்லும் துண்டு இல்லை.

அதே ஆய்வில் ஒரு கணக்கும் உண்டு. சுமார் 27 கிலோ எடையுள்ள நாயின் மயிரில் அரைக் கிலோவுக்குச் சற்றுக் குறைவான நீர் தங்கி, அது உடல் சூட்டாலேயே காய வேண்டுமானால், நாயின் ஒருநாள் உணவுச் சக்தியில் ஐந்தில் ஒரு பங்கு அதற்கே செலவாகும். காற்றில் ஈரம் நிறைந்து, வெயிலும் இல்லாத கொல்லிமலைப் பிற்பகலில் ஈர நாயைத் தோட்டத்தில் கட்டிப்போட்டால் அது செலவழிப்பது இந்தச் சக்தியைத்தான். உடலில் கொழுப்பு குறைந்த சிப்பிப்பாறை, கன்னி போன்ற வேட்டை நாய்களும் குட்டிகளும் முதலில் தளரும். இரட்டை மயிர்ப் போர்வை கொண்ட பொமரேனியன் வகைக்கு வேறு சிக்கல்: மேல்மயிர் காய்ந்து அடிமயிர் மணிக்கணக்கில் ஈரமாகவே கிடக்கும். அந்த ஈரக் கசகசப்பில்தான் சிவந்து கசியும் புண் திடீரென்று கிளம்பும்.

முதல் உதறலுக்குப் பின் பருத்தித் துண்டால் ஒற்றி எடுக்க வேண்டும். தேய்த்தால் நீள மயிர் சடை விழும். இரண்டாவது துண்டு காய்ந்ததாக இருக்கட்டும். பிறகு காற்றுப் படாத வெயிலில் அரை மணி நடக்கவோ விளையாடவோ விட்டால் அசைவின் சூடே பாதி வேலையைச் செய்துவிடும். விறகடுப்பின் அருகே படுக்கவிடலாம், ஆனால் மயிர் கருகும் தூரத்துக்கு அது தானாகவே நகர்ந்து போகும் என்பதால் ஒரு கண் வேண்டும். மின்காற்றூதி இருந்தால் குறைந்த சூட்டில், ஓர் அடிக்குமேல் தள்ளிப் பிடிக்க வேண்டும். காய்ந்துவிட்டதா என்று பார்க்க மேலே தடவினால் தெரியாது. விரலால் மயிரை எதிர்த்திசையில் பிரித்து அடித்தோலைத் தொட்டுப் பார்க்க வேண்டும்.

உண்ணி

வீட்டில் நாயைக் குளிப்பாட்டுவதற்குச் சொல்லப்படும் காரணங்களில் முதலிடம் உண்ணிக்கு. குளியல் மிகக் குறைவாக உதவுவதும் அங்கேதான். உண்ணி நீரில் மூழ்கி எளிதில் சாகாது, தோலைக் கவ்வியிருப்பது நுரைக்கு விடாது. மேலும் தமிழ்நாட்டில் நாயைப் பிடிக்கும் பழுப்பு நாயுண்ணி தன் வாழ்நாளில் மூன்று முறை நாயின்மேல் ஏறி மூன்று முறை இறங்குகிறது. ஒவ்வொரு முறையும் இரத்தம் குடித்ததும் கீழே விழுந்து, சுவர் வெடிப்பு, கூரை இடுக்கு, கட்டுத்தறி என்று ஒளிந்து, தோலுரித்துத் திரும்புகிறது. உப்பிய பெண் உண்ணி அந்த இடுக்கில் ஆயிரக்கணக்கில் முட்டையிட்டுவிட்டுச் செத்துப்போகும். எந்த நேரத்திலும் நாயின்மேல் இருப்பது கூட்டத்தில் ஒரு சிறு பகுதியே. மீதி வீட்டில் இருக்கிறது. நாயை எத்தனை முறை கழுவினாலும் சுவரைக் கவனிக்காவிட்டால் கணக்கு தீராது.

இந்த உண்ணி வழியாக வரும் எர்லிக்கியா நோயில் காய்ச்சல், சோர்வு, இரத்தத் தட்டணுக் குறைவு, முற்றினால் மூக்கில் இரத்தம். பெபீசியா என்ற இரத்த ஒட்டுண்ணி சிவப்பணுக்களை உடைத்து ஈறை வெளுக்கவைக்கும், சிறுநீர் கறுத்துப்போகும். உண்ணியை நாயே கடித்து விழுங்கினால் ஹெப்பட்டோசூன் என்ற மூன்றாவது தொற்றும் வரலாம். இவற்றைக் கண்டறிய இரத்தப் பரிசோதனை வேண்டும். கொல்லிமலைக்காரர்களுக்கு அருகிலுள்ள பெரிய இடம் மலையடிவாரத்துக்கு அப்பால் நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரி. 1985-இல் தொடங்கப்பட்டு, 1989-இல் உருவான தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகத்தின் கீழ் இயங்கும் இதன் மருத்துவமனையில் ஆடு, மாடு, கோழியோடு நாய்களும் வரிசையில் நிற்கின்றன. ஈறு வெளுத்த நாயைக் குளிப்பாட்டிச் சுத்தமாக்கி அழைத்துப் போக வேண்டும் என்று ஒரு நாள் தாமதிப்பவர்கள் உண்டு. அழுக்கோடு போவதே மேல்.

குளியல் நாளின் உண்மையான பயன் கைகளுக்கு வாய்ப்புக் கிடைப்பதுதான். நுரையில் வழுக்கும் விரல்கள், கண்ணில் படாத உண்ணியைக் கண்டுபிடித்துவிடும். காது மடலின் உள்பக்கம், விரலிடை, கழுத்துப் பட்டைக்கு அடியில், வாலடி ஆகியவை அதன் வழக்கமான இடங்கள். இடுக்கியால் தோலை ஒட்டிப் பிடித்து நேராக மேலே இழுக்க வேண்டும். தீக்குச்சி வைப்பது, மண்ணெண்ணெய் விடுவது, நகத்தால் நசுக்குவது மூன்றும் தவறு. எடுத்ததைச் சோப்பு நீர்க் குப்பியில் போட்டு மூடிவிடலாம்.

மருந்தைப் பொறுத்தவரை, தோல்மேல் சொட்டாக விடும் ஃபிப்ரோனில் போட்ட நாயை முன்னும் பின்னும் இரண்டு நாள் குளிப்பாட்டக்கூடாது. தோலின் எண்ணெய்ப் படலத்தில்தான் அது பரவுகிறது, ஷாம்பு அந்தப் படலத்தைக் கழுவிவிடும். வாய்வழி மாத்திரைகளுக்கு இந்தக் கட்டுப்பாடு இல்லை, அடிக்கடி நனையும் மலை நாய்க்கு அவையே பொருத்தம் என்பது இக்கட்டுரையாளரின் கருத்து. மாட்டுக்கு வாங்கிய டெல்டாமெத்ரின் குப்பியைக் கண்ணளவில் கலந்து நாய்மேல் ஊற்றுவது வழக்கத்தில் உள்ள, ஆனால் ஆபத்தான காரியம். அளவு மிஞ்சினால் எச்சில் ஒழுகி, உடல் உதறி, வலிப்புவரை போகும். அதே வீட்டில் பூனை இருந்தால் ஆபத்து இரட்டிப்பு: இவ்வகை மருந்துகளைச் சிதைக்கும் திறன் பூனையின் ஈரலுக்குக் குறைவு, இதே வகையைச் சேர்ந்த பெர்மெத்ரின் தடவிய நாயோடு ஒட்டிப் படுத்தாலே பூனை நோய்ப்படலாம்.

ஓடையும் கழிவுநீரும்

நாயை ஓடைக்கு இழுத்துப்போய்க் குளிப்பாட்டுவது மலையில் எளிய வழி. வெறும் நீரில் என்றால் குளிரைத் தவிரச் சொல்ல எதுவுமில்லை. மருந்து போட்ட நாய் என்றால் விஷயம் வேறு. இங்கிலாந்தில் 2016 முதல் 2018 வரை இருபது ஆறுகளில் எடுத்த நீர் மாதிரிகளைச் சசெக்ஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ஆராய்ந்தபோது, நூற்றுக்குத் தொண்ணூற்றெட்டுக்கு மேற்பட்டவற்றில் ஃபிப்ரோனில் இருந்தது. அங்கே வேளாண்மையில் அம்மருந்து புழக்கத்தில் இல்லை என்பதால் நாய், பூனைகளுக்குப் போடும் உண்ணி, தெள்ளு மருந்துகள்மேல்தான் ஐயம் விழுந்தது. டெல்டாமெத்ரினோ மீனுக்கும் நீர்ப்பூச்சிகளுக்கும் மிகச் சிறிய அளவிலேயே கொடிய நஞ்சு.

கொல்லிமலையின் ஓடைகள் பல அய்யாற்றில் சேர்ந்து, அறப்பளீசுவரர் கோயிலையொட்டி ஓடி, ஆகாய கங்கை அருவியாக விழுந்து, அப்பால் திருச்சி மாவட்டத்துப் புளியஞ்சோலைக்கு இறங்குகின்றன. கோயிலருகே ஆற்று மீன்களுக்கு இரை போடுவது அடியவர் வழக்கம். தலபுராணத்தில் அந்த மீன்களுக்கு இடம் உண்டு, அவற்றை யாரும் பிடிப்பதில்லை. ஆடிப் பதினெட்டுக்கு அருவியில் குளிக்க வருகிறவர்கள் ஏராளம். மேலே ஒரு தோட்டத்து ஓடையில் கழுவிய மருந்து கீழே இவர்களிடமும் இந்த மீன்களிடமும்தான் வந்துசேர்கிறது.

ஆகவே மருந்து ஷாம்புவோ மருந்துக் கரைசலோ பயன்படுத்தும்போது ஓடையையும் கிணற்றையும் விட்டு விலகி, வாளி நீரில் குளிப்பாட்ட வேண்டும். டெல்டாமெத்ரின் வகை மருந்துகள் மண்துகளில் இறுகப் பற்றிக்கொள்ளும் இயல்புடையவை, ஆனால் மழைநீர் மண்ணை அரித்துப்போனால் அந்தத் துகள்களோடு அவையும் ஓடைக்குப் போய்விடும். கழிவுநீர் உறிஞ்ச ஒரு முழ ஆழத்தில் சிறு குழி போதும். மழை வரும் நாளில் அதுவும் நிரம்பி வழியும் என்பதால், அன்று மருந்துக் குளியல் வேண்டாம். வெறும் அரப்போ சாதாரண ஷாம்புவோ போட்ட நீரை வாழை அடியில் ஊற்றலாம். மருந்து நீரைக் கோழி மேயும் இடத்திலும் மாட்டுத் தொட்டியருகிலும் ஊற்றக்கூடாது. காலிக் குப்பியைக் கழுவி வேறு எதற்கும் எடுத்து வைக்கவும் கூடாது.